வந்த காரணம்

லிங்கிச் செட்டித் தெருவில் மூன்றாவது லாட்ஜில்தான்
தனியாக வந்தவளுக்கு அறை கொடுத்தார்கள்.
முதல் லாட்ஜில் ‘ஃபேமிலி இல்லையா?’ என்றார்கள்.
இரண்டாவதில் எதுவும் கேட்கவில்லை,
தலையை மட்டும் ஆட்டினார்கள்.
இங்கே நெய்னா முகமது
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஆதார் நகலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
‘கப்பலா?’ என்றார்.
அந்தத் தெருவில் அது ஓர் உறவுமுறை போல.
அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

பேரேட்டில் கட்டங்கள்.
பெயர்: ச. பூங்கோதை.
ஊர்: சாத்தூர்.
போகுமிடம்: போர்ட் பிளேர்.
வந்த காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பிறகு எழுதினேன்:
போவதற்கு.

பதினான்காம் எண் அறை.
காலை நீட்டினால் ஒரு சுவர், கையை நீட்டினால் இன்னொன்று.
மின்விசிறிக்கு இரண்டே வேகம்,
நிற்பது, பயமுறுத்துவது.
மாடிப்படிக்குக் கீழே குளியலறை, அங்கே வாளியில்
யாரோ ஊறவைத்து மறந்த லுங்கி.
வெந்நீருக்கு இருபது ரூபாய் தனி.

நாளைக்கு என்று சொன்ன கப்பல்
மறுநாளும் நாளைக்கு என்றது.
‘எஞ்சின்ல கோளாறு’ என்று
தானே பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல்
சலித்துக்கொண்டார் கவுண்டர்க்காரர்.
இரண்டு நாளுக்கு முடிந்துவைத்த காசு
நான்கு நாளாக நீள வேண்டும்.

சும்மா இருப்பானேன் என்று கடலைத் தேடிப் போனேன்.
ராஜாஜி சாலை நெடுக மதில்.
மதிலுக்கு மேலே கிரேன்கள்
எனக்குக் காட்டாமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.
கன்டெய்னர் லாரிக்கு அடியில் பாய் விரித்து
ஸ்டவ்வில் தக்காளி வதக்கினார் ஓர் ஓட்டுநர்.
டீசலில் கலந்து உப்பு வாசனை வந்தது.
அதுவும் ஒரு நிமிடம்தான்.
சந்துக்குச் சந்து ஷிப்பிங், மரைன், ஓஷன் என்று பலகைகள்,
ஒரு செருப்புக்கடைகூட ஓஷன்தான்.
கடலை மட்டும் யாரும் வெளியே வைக்கவில்லை.

காலையில் இரண்டு இட்லி, மதியம் தண்ணீர்,
இரவு பர்மாக்காரர் வண்டியில் அத்தோ.
மஞ்சள் நூடுல்ஸோடு வறுத்த பூண்டும் புளித்தண்ணியும்
கையாலேயே பிசைந்து தருவார்.
வாழைத்தண்டு சூப்புக்குக் காசில்லை.
மூன்றாம் தடவை கிண்ணத்தை நீட்டியபோது
நிமிர்ந்து பார்த்து,
‘கப்பலா?’ என்றார் அவரும்.

பக்கத்து ஸ்டூலில் மரியபுஷ்பம். ரங்கத்துக்காரி.
காலடியில் ஒரு மிக்ஸி, முறுக்கு டின், எக்ஸ்ரே உறை.
‘இந்த ஊர் வழியா இருபத்திரண்டு தடவ போயிருக்கேன்,
மெரினா பார்த்ததில்ல.
ஆஸ்பத்திரி பார்த்திருக்கேன்.
கல்யாணச் சேலை எடுத்திருக்கேன்.
எங்களுக்கு இது ஊரா என்ன, வாசப்படி’ என்றாள்.
எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் திணித்தாள்.
‘மேல் பங்க் கேட்டு வாங்கு. ஆட்டம் ஜாஸ்திதான்.
ஆனா வாந்தி எப்பவும் கீழ்நோக்கித்தான் வரும்.’

நான்காம் நாள் விடியுமுன் செய்தி வந்தது.
ஓடினோம்.
மிக்ஸியின் ஒரு பக்கம் நான் பிடித்திருந்தேன்.

கப்பல் நகர்ந்த பிறகுதான்
மதிலின் முதுகைப் பார்த்தேன்.
பாசி, எச்சில் துப்பாதீர் என்ற எழுத்து,
அதற்குப் பின்னால் வெயிலேறிய கட்டடங்கள்.
கலங்கரை விளக்கம் எதுவென்று கேட்டதற்கு
நான்கு பேர் நான்கு திசையில் கை காட்டினார்கள்.
என் தெரு தெரியவில்லை.

எலுமிச்சையைத் தேடிப் பைக்குள் விட்ட கையில்
பித்தளை வில்லையோடு சாவி.
எண் பதினான்கு. தொலைத்தால் இருநூறு.
சிக்னல் ஒரு கோடாகத் தேய்வதற்குள் கூப்பிட்டேன்.
‘இருக்கட்டும்மா’ என்றார் நெய்னா முகமது,
‘இந்தப் பக்கம் வராம எப்படி ஊருக்குப் போவ…’
கோடு அறுந்தது.

அந்தக் கட்டத்தில் அடுத்த முறை எழுத
ஒரு காரணம் கைவசம் இருக்கிறது.
மேல் பங்க்கில் அதை இறுக்கிப் பிடித்துப் படுத்தேன்.
கீழே யாரோ
தொடங்கிவிட்டார்கள்.